மாடு அடுத்த செவ்வாயும் வரும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. எங்கள் ஊரில் மேட்டுவீட்டுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுபவர், அன்று சற்று நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "பாப்பா, பையன ஒரு வருஷம் நிறுத்திடலாமுன்னு பாக்கறோம். ஓசூர்ல கம்பெனில சேத்துட்டா கையில காசு வரும், அடுத்த வருஷம் கட்டிக்கலாம். நீ இன்னா சொல்ற?" பையன் என்று அவர் சொன்னது மகள் வயிற்றுப் பேரனை. கிருஷ்ணகிரிக்கு அருகில் ஒரு தனியார் கல்லூரியில் பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய தந்தை வேலை செய்துகொண்டிருந்த கிரானைட் பட்டறை மூடப்பட்டு ஆறு மாதங்கள் ஆகின்றன. கல்லூரிக்கு இன்னும் 38,000 ரூபாய் கட்ட வேண்டும்.

நிறுத்த வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அதன் பிறகும் என்னை விடவில்லை. அதை வேறு யார் கேட்டிருந்தாலும் இவ்வளவு நாள் மனத்தில் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன். 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் என் படிப்பு நிற்க இருந்தபோது, அது நிற்கக் கூடாது என்று பதினைந்து பெண்கள் முன்னிலையில் எழுந்து சொன்னவர் இதே சின்னம்மா. தன் பேரன் என்று வரும்போது அவரே நிறுத்தலாமா என்று கேட்கிறார் என்றால், அது ஏன் என்று எனக்குப் புரிய வேண்டியிருந்தது.

கடைசி ஆண்டில் பணம் ஏன் தீர்ந்துபோகிறது

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் இடையில் இருக்கிறது. தக்காளியை நம்பி வாழும் ஊர். நான் 2013-இல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். அந்த ஆண்டுதான் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. பர்கூரில் 1994 முதலே ஒன்று இருந்தது. என்னுடைய கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு இரண்டிலும் நான் விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை. கலந்தாய்வு வழியாகவே ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டில் முதல் பட்டதாரி என்பதால், 2010-11 முதல் தமிழக அரசு வழங்கிவரும் சலுகையில் கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதி எனக்குக் குறைந்தது. அந்தச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே உரியது என்பதையும், கல்லூரிப் பேருந்து, தேர்வு, சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி எனப் பல பெயர்களில் வரும் மற்ற கட்டணங்களை அது தொடாது என்பதையும் சேர்ந்த பிறகுதான் அறிந்தோம்.

முதலாம் ஆண்டில் பணம் எப்படியோ வந்துவிடுகிறது. பிள்ளை கல்லூரியில் சேர்கிறாள் என்றால் வீட்டில் ஒரு உற்சாகம் இருக்கும். மாமா ஐயாயிரம் தருவார், புளி விற்ற பணம் இருக்கும், சேமித்து வைத்த சீட்டு இருக்கும். இரண்டாம் ஆண்டில் நகை அடகுக்குப் போகும். மூன்றாம் ஆண்டில் தக்காளி மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கப்படும். வாங்கினால் அந்தப் பருவத்துத் தக்காளியை அவருடைய மண்டிக்கே போட வேண்டும், விலை கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. நான்காம் ஆண்டு வரும்போது, அடகு வைக்கத்தக்கவை எல்லாம் அடகுக்குப் போயிருக்கும், கேட்கத்தக்கவர்களிடம் எல்லாம் ஒரு முறை கேட்டாயிற்று என்றிருக்கும். படிப்பின் தொடக்கத்தில் உதவுவதற்கு ஆள்களும் திட்டங்களும் இருக்கின்றன. முடிக்க இருக்கும்போது குடும்பம் தனியாக நிற்கிறது. இத்தனைக்கும் முன்பு கட்டிய பணம் அத்தனையும் பொருள் பெறுவது அந்தக் கடைசி ஆண்டில்தான்.

எங்கள் வீட்டில் அந்த ஆண்டு கிணறும் சேர்ந்துகொண்டது. 2016 கோடையில் கிணறு வற்றிவிட, அப்பா போர் போடத் தீர்மானித்தார். என்னுடைய நான்காம் ஆண்டுக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்த பணமும் அதில்தான் போனது. இரவு முழுவதும் போர் வண்டி ஓடியது; ஆயிரம் அடியைத் தாண்டியும் புகைதான் வந்தது. பாறைத்தூள் வெள்ளையாகப் பறந்து, விடியும்போது எங்கள் வீட்டு ஓடு, முருங்கை மரம், கயிற்றில் காய்ந்த அப்பாவின் வேட்டி எல்லாவற்றின் மீதும் படிந்திருந்தது. அப்பா அந்த வேட்டியை உதறாமல் மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் கிடைத்திருந்தால் அதிலிருந்துதான் என் கட்டணமும் வந்திருக்கும். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

நான்காம் ஆண்டில் கட்ட வேண்டியது, சலுகை போக, 62,000 ரூபாய். அப்பா ஜூலையில் இருபதாயிரம் கட்டினார். மீதி 42,000 ரூபாயை அக்டோபர் இறுதிக்குள் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் எங்கள் ஏழு பேரின் பெயர்களை வாசித்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். கட்டணம் கேட்பது கல்லூரியின் உரிமை. ஆனால் அதை மாணவரின் காதில் சொல்லலாம், ஒரு கடிதமாகப் பெற்றோருக்கு அனுப்பலாம். அறுபது பேர் முன்னால் நிற்க வைப்பதனால் எந்த வீட்டிலும் பணம் முளைப்பதில்லை.

வங்கிக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டிலேயே அப்பா கல்விக்கடன் கேட்டுப் போனார். மூன்று முறை அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நான்காவது வாரம் அவர் போகவில்லை. இறுதியாண்டில் நானே சென்றபோது அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே பேசினார். நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை, பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கலாம், ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அதுவரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது என்றெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முதலாம் ஆண்டிலேயே யாராவது இதை அப்பாவிடம் பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, வருமானச் சான்றிதழ், கல்லூரியின் கட்டண விவரக் கடிதம், மதிப்பெண் பட்டியல்கள் என ஒவ்வொன்றாகத் திரட்டுவதற்குள் அக்டோபர் பாதி கடந்துவிட்டது. வங்கிக் கடனை மே மாதத்தில் கேட்க வேண்டும். அக்டோபரில் கேட்டால் அது தேர்வுக்கு முன்பு கைக்கு வராது.

எஞ்சியிருந்த வழி, வாரச்சந்தைக்கு வந்து பத்து வட்டிக்குக் கொடுப்பவர்கள். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். அப்பா அதற்கும் ஆயத்தமாகிவிட்டார். அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொன்னார்.

தீர்மானப் புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழுக் கூட்டம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான்; பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கி வைத்தது. கிருஷ்ணகிரி அப்போது எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. அம்மாவின் குழு சற்றுப் பின்னால் வந்தது. பதினாறு பேர். ஒவ்வொருவரும் வாரம் இருபது ரூபாயில் தொடங்கி, பிறகு ஐம்பதாக்கி, சேர்ந்த பணத்தைத் தமக்குள்ளேயே ஒரு வட்டிக்கு உள்கடனாகக் கொடுத்துக்கொள்வார்கள். யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே பணம் எடுக்கப்படும்.

மாரியம்மன் கோயிலை ஒட்டிய தொடக்கப் பள்ளித் திண்ணையில் கூட்டம் நடந்தது. தெருவிளக்கு ஒன்றுதான் வெளிச்சம். அம்மா என்னையும் அழைத்துச் சென்றிருந்தார். ஏனென்று எனக்கு அப்போது தெரியவில்லை. குழுவின் கையில் இருந்தது முப்பதாயிரத்துச் சொச்சம். அந்த மாதத்து முறை சின்னம்மாவுடையது. கறவை மாடு வாங்குவதற்காக முப்பதாயிரம் கேட்டு, முந்தைய கூட்டத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். வறட்சிக்குப் பயந்து பலரும் மாடுகளை விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் நல்ல மாடு அந்த விலைக்குக் கிடைத்தது. சின்னம்மாவின் கிணற்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. தீவனத்துக்குச் சோளத்தட்டும் அடுக்கி வைத்திருந்தார். அவருக்கு அது சரியான தருணம்.

அம்மா எழுந்து, பாப்பாவுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார். தொகையைக்கூடச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், ஒரு வருடம் நிறுத்தி வேலைக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவர் வீட்டில் இரண்டு பெண்கள் அப்படித்தான் திருப்பூருக்குப் போயிருந்தார்கள். இன்னொருவர், முறை மாறினால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே என்றார். அதுவும் நியாயம்தான். குழுவை நடத்தும் ஊக்குநராக இருந்த அக்கா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். நான் திண்ணையின் ஓரத்தில், என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா அப்போதுதான் பேசினார். "மாடு அடுத்த செவ்வாயும் சந்தைக்கு வரும். பாப்பாவுக்குப் பரீட்சை மறுபடி வருமா? என் முறைய அக்காவுக்கு எழுதுங்க." அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய மகள் பத்தாம் வகுப்போடு நின்றவர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை.

ஊக்குநர் அக்கா புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீயே எழுது" என்றார். எனக்கான கடனை நானே எழுதினேன். உறுப்பினரின் மகளுடைய பொறியியல் நான்காம் ஆண்டுக் கட்டணத்திற்காக ரூபாய் முப்பதாயிரம் உள்கடன் வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதும்போது, ஏகமனதாக என்ற சொல்லில் பேனா நின்றது. அது உண்மையா என்று நிமிர்ந்து பார்த்தேன். சற்று முன்பு மறுத்துப் பேசிய இருவரும் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா, பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கக் காலத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர். ஒவ்வொரு எழுத்தாக, தாளை அழுத்தி எழுதுவார். அந்தப் பக்கத்தைப் புரட்டினால் பின்புறத்தில் அவருடைய பெயர் மட்டும் தடித்துக் கைக்குத் தட்டுப்படும்.

மீதிப் பன்னிரண்டாயிரத்துக்கு அம்மாவின் கம்மல் கூட்டுறவு வங்கிக்குப் போனது. அக்டோபர் கடைசி வாரத்தில் பணத்தைக் கட்டினோம். அடுத்த சில நாள்களில் நவம்பர் 8 வந்து, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்றானது. இரண்டு வாரம் தாமதித்திருந்தால் கையில் இருந்த தாள்களைக் கல்லூரியிலும் வாங்கியிருக்க மாட்டார்கள், வங்கி வரிசையில் நின்றும் அவ்வளவையும் உடனே மாற்றியிருக்க முடியாது.

நிறுத்துவது என்றால்

ஒரு வருடம் நிறுத்தலாம் என்று சொல்பவர்களுக்கு அதில் தவறு தெரிவதில்லை; வயலில் ஒரு போகம் தரிசு போட்டு அடுத்த போகம் பயிரிடுவதைப் போல எண்ணுகிறார்கள். என்னுடன் எழுந்து நின்ற ஏழு பேரில் ஒருவர் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர். மாங்கூழ் ஆலையில் பருவ வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பலாம் என்று நிறுத்தினார். மறு ஆண்டு தங்கையின் திருமணம் வந்தது, அதற்கு மறு ஆண்டு தந்தைக்கு உடல்நலம் கெட்டது. மாதச் சம்பளம் என்று ஒன்று வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டால், அதை நம்பியே மற்ற செலவுகள் திட்டமிடப்பட்டுவிடும். அந்த வருமானத்தை நிறுத்திவிட்டு மீண்டும் வகுப்புக்குப் போகிறேன் என்று எந்தப் பிள்ளையாலும் சொல்ல முடியாது. இதற்கிடையில் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் மாறியது. திரும்பிச் சேர அனுமதி வாங்க வேண்டும், புதிய திட்டத்தில் கூடுதல் தாள்கள் எழுத வேண்டும் என்றார்கள். அவர் திரும்பவில்லை. இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறார். குடும்பத்தை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் விண்ணப்பங்களில் கல்வித் தகுதி என்ற இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதுகிறார். மூன்று ஆண்டுகள் படித்ததற்கும், அதற்காக அவர் தாய் அடகு வைத்ததற்கும் எந்தத் தாளிலும் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே நிறுத்துவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பேரன் விஷயத்தில் முதலில் அரசுத் திட்டங்களைப் பார்த்தோம். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை 2021 முதல் அரசே ஏற்கிறது, பி.சி.ஏ.வுக்கு அது இல்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இவனை ஆங்கிலம் வரட்டும் என்று ஆறு முதல் எட்டு வரை தனியார் பள்ளியில் சேர்த்து, பணம் போதாமல் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். கடன்பட்டுப் படிக்க வைத்த அந்த மூன்று ஆண்டுகளே இன்று அவனை வெளியே நிறுத்துகின்றன. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரின் ஆண்டு வருமானத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு அரசு இந்த விதியை எழுதினால் நன்றாக இருக்கும்.

பிறகு, கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு அவனையே கடிதம் எழுதச் சொன்னேன். எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். "விரைவில் கட்டுகிறேன்" என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை. மூன்று நாள்களில் அனுமதி கிடைத்தது. முதல் தவணை பன்னிரண்டாயிரம், மீதி ஜனவரியில். கேட்காமலே இருந்துவிட்டு நிறுத்திவிடும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது.

சின்னம்மாவிடம் மீண்டும் பேசினேன். அன்று எனக்கு நிறுத்த வேண்டாம் என்று சொன்ன நீ, உன் பேரனுக்கு ஏன் குழுவில் கேட்கவில்லை என்றேன். "அது உனக்குக் கேட்டது பாப்பா. நமக்குன்னு வரும்போது வாய் வரல" என்றார்.

நான் குழுவுக்கு அந்த முப்பதாயிரத்தைத் திருப்பிவிட்டேன். ஓசூரில் முதல் வேலைக்குச் சேர்ந்ததும், மாதம் 1,500 அசலும் அதற்குரிய வட்டியுமாக இருபது மாதங்களில் கணக்கு முடிந்தது. ஆனால் சின்னம்மாவுக்கு அடுத்த முறை வந்தது பத்து மாதங்கள் கழித்து. அதற்குள் மழை பெய்து, மாட்டின் விலை ஏறிவிட்டிருந்தது. முப்பதாயிரத்துக்குக் கிடைத்திருக்கும் மாட்டை 42,000 கொடுத்து வாங்கினார். பத்து மாதப் பாலும் போனது. அம்மா இதைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் சொன்னார். பேரேட்டில் எங்கும் எழுதப்படாத அந்தப் பன்னிரண்டாயிரத்தை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமலே நாள் கடத்திக்கொண்டிருந்தேன்.

இந்த முறை சொல்லிவிட்டேன். முதல் தவணை பன்னிரண்டாயிரத்தை நான் கட்டுகிறேன், அது உதவி அல்ல, மாட்டுக் கணக்கு என்றேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு, "செவல மாடு பாப்பா அது. நெத்தியில வெள்ளைப் பொட்டு இருந்துச்சு" என்றார். 2016-இல் அந்தக் கூட்டத்துக்கு முந்தைய செவ்வாயன்றே சந்தைக்குப் போய்ப் பார்த்து, பேசி, ஐந்நூறு ரூபாய் அச்சாரமும் கொடுத்து வந்திருக்கிறார். கூட்டத்தில் அதை அவர் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளில் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அச்சாரம் திரும்பி வந்ததா என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், பையன் காலையில் சாப்பிடாமல் கல்லூரிக்குப் போகிறான் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மீதி 26,000 ரூபாய்க்கு இந்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்மாவும் பக்கத்தில் உட்காருவார். சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் பெங்களூரிலிருந்து ஓசூர், இராயக்கோட்டை வழியாக ஊருக்குப் போகிறேன். தீர்மானத்தை எழுத ஊக்குநர் அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லையாம். பேரனையும் கூட்டத்துக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். அவன் கையெழுத்தும் நன்றாகத்தான் இருக்கும்.